மூடியில் இருந்த ஓட்டை

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, ஐயா. லாரியை விடுங்கள், சைக்கிள்கூடத் தெரியாது. சாலையைக் கடக்க வேண்டுமென்றால் வேறு யாராவது கடக்கும்வரை நின்று, அவர்களை ஒட்டிக்கொண்டே போய்ச் சேருகிறவள் நான். அதனால் இந்த லாரி விஷயத்தில் யாருக்கும் என்மேல் சந்தேகம் வரவில்லை என்றால் அதில் அவர்கள் தப்பு ஒன்றுமில்லை. நீங்களும் என்னை உட்காரச் சொன்னீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள், லாக்கப்பில் இருக்கிற தம்பியைப் பார்க்க வந்த அக்கா என்றுதான் நினைத்தீர்கள். அவனைப் பார்க்கத்தான் வந்தேன். அதற்கு முன்னால் இதைச் சொல்லிவிட்டால் காரியம் சுலபமாகும் என்று தோன்றுகிறது.

நான் பயந்த சுபாவம். அதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரிந்துவிடும். அப்பா ஒரு மழைக்காலத்தில் போனார், அடுத்த மழைக்கு முன்னால் அம்மாவும் போய்விட்டாள். அப்போது தம்பிக்குத் தலைவாரி விடவே ஆள் வேண்டும். படிப்பை விட்டேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம், "தம்பியும் என்கூடத்தான் வருவான்" என்றேன். காபியைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு அதில் குறை இல்லை. வீட்டில் இன்னொரு ஆள் நடமாடும் சத்தம் இருந்தால் போதும். அது இல்லாவிட்டால் குழாய் சொட்டினாலும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். தாழ்ப்பாள் போட்டதைத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்ப்பேன். அவன் தூரத்து லோடு ஏற்றிக்கொண்டு போன நாட்களில் நான் படுக்கவே மாட்டேன், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் வீடு பட்டறைத் தெருவின் கடைசி. முன்னால் தகரக் கதவு, உள்ளே லாரி நிற்கிற முற்றம், அதற்குப் பின்னால் வீடு. சமையலறை ஜன்னலைத் திறந்தால் நேராகத் தெரிவது லாரியின் டீசல் டேங்க். கைமாறிக் கைமாறி வந்த பழைய லாரி அது. டீசல் காட்டும் முள் எப்போதும் 'நிறைய' என்றுதான் காட்டும், காலி டேங்க்குக்கும் அதே முகம்தான். அதனால் தம்பி சீட்டுக்குப் பின்னால் ஒரு குச்சி வைத்திருப்பான். மூடியைத் திறந்து, குச்சியை விட்டு, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்வான்.

ஒருநாள் டேங்க் இணைப்பில் டீசல் கசிந்தது. "அக்கா, துணி சோப்புல ஒரு துண்டு குடு" என்றான். லாரிக்காரர்கள் வழக்கம் அது. சோப்பைப் பிசைந்து கசிவில் அப்பினால் அப்படியே பிடித்துக்கொள்ளும், டீசலில் கரையாது. அப்பிவிட்டு அவன் குளிக்கப் போனான். எனக்கு அழுக்கு கண்ணில் பட்டால் கை சும்மா இருக்காது. கந்தலை எடுத்து டேங்க்கைத் துடைத்தேன். மூடியைத் துடைக்கும்போது அதன் நடுவில் ஒரு பொடி ஓட்டை, சுற்றிலும் ஈரம். பாவம், இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டானே என்று நினைத்தேன். கையில் மிச்சமிருந்த சோப்பை அதிலும் வைத்து அழுத்தி, வழித்து, வெள்ளை தெரியாமலிருக்க மேலே துளி அழுக்கும் தடவி, சுத்தமாக முடித்தேன். ஓட்டை என்றால் அடைக்க வேண்டும். கூரையானாலும் குடமானாலும் எனக்குத் தெரிந்த சட்டம் அது ஒன்றுதான். அன்றைக்கு நான் செய்தது சத்தியமாக உதவிதான், ஐயா.

அதற்குப் பிறகு லாரிக்கு அந்த வியாதி வந்தது. ஸ்டார்ட் ஆகும். சாவியைத் திருப்பினால் ஒரே தட்டில் ஆகும். தெருவைத் தாண்டும், பெரிய சாலையில் ஏறும், கொஞ்ச தூரம் ஜம்மென்று போகும். பிறகு இருமும், இழுக்கும், நின்றுவிடும். தம்பி இறங்குவான், குச்சி விட்டு டீசல் பார்ப்பான், எஞ்சினுக்கு டீசல் ஏற்றுகிற கைப்பம்பை அடிப்பான், மறுபடி கிளம்பும், மறுபடி நிற்கும். இப்படியே நின்று நின்று வீடு வந்து சேருவான்.

எங்கள் மெக்கானிக்குக்குத் தெருவில் 'நாளைக்கு' என்று பெயர். எதைக் கேட்டாலும் "நாளைக்கு" என்பார். "நாளைக்கு வந்தாரா?" என்று ஒருத்தர் கேட்க, "நேத்தே வந்துட்டாரு" என்று இன்னொருத்தர் சொல்ல, தெருவே சிரிக்கும். அவர் ஃபில்டரை மாற்றினார். ஹோஸை மாற்றினார். பம்பைக் கழற்றி மாட்டினார். ஒவ்வொரு தடவையும் யாராவது குச்சி விட்டு டீசல் பார்த்திருப்பார்கள், அதனால் உடனே வண்டி ஓடும், ஓடியதும் தான் செய்த வேலையால்தான் ஓடுகிறது என்று அவர் மீசையைத் தடவிக்கொள்வார். தம்பி கைப்பம்பால்தான் என்பான். கல்யாணமாகி எங்களோடு வந்து இருந்த அவன் பெண்டாட்டி, தான் பானட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டியதால்தான் என்பாள். அவள் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவள். அதை மறைத்துச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்லை.

அந்த நாட்களில் தம்பி வீட்டோடு இருந்தான். சொட்டுகிற குழாயைச் சரிசெய்தான். சமையலறை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுத்தான். நான் நன்றாகத் தூங்கினேன். கன்னத்தில் சதை போட்டுவிட்டது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ஒரு சாயங்காலம் மெக்கானிக் கை கழுவத் தண்ணீர் கேட்டு ஜன்னலுக்கு வந்தார். தனக்குத்தானே பேசுகிற மாதிரி, "ஒருவேளை டேங்க் மூச்சு விடலையோ என்னவோ, தங்கச்சி. மூடியில ஒரு பொடி ஓட்டை இருக்கும். டீசல் குறையக் குறைய காத்து அது வழியாத்தான் உள்ள போகணும். அது அடைச்சுக்கிட்டா வண்டி ஓடும், கொஞ்ச நேரத்துல டீசல் இழுக்க முடியாம நின்னுடும். மூடியத் திறந்தா மறுபடி ஓடும்" என்றார். பிறகு சோம்பல் முறித்து, "நாளைக்குப் பாக்கறேன்" என்று போய்விட்டார்.

உள்ளே போய், "நான்தான்டா அடைச்சேன், தெரியாம பண்ணிட்டேன்" என்று சொல்லியிருக்கலாம். மக்கு அக்கா என்று கேலி செய்திருப்பான், அவ்வளவுதான். ஆனால் அவளும் சேர்ந்து சிரிப்பாளே. இத்தனை நாள் அவன் வெயிலில் வேகும்போது வீட்டிலிருந்த நான்தான் காரணம் என்று ஆகிவிடுமே. கொண்டை ஊசியை உருவிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். சோப்பைச் சுரண்டி எடுத்தேன். ஊதிப் பார்த்தேன், காற்று போயிற்று.

அன்றைக்கென்று பார்த்து அந்த மனுஷன் சொன்னபடி மறுநாள் வந்தார். மூடியைத் திருகி எடுத்து, ஊதி, "கிளியரா இருக்குப்பா. இது இல்ல" என்றார். ஆக, அவர் சரியாகச் சந்தேகப்பட்ட ஒரே இடத்தையும் அவரே தள்ளுபடி செய்துவிட்டார். அதற்குப் பிறகு அந்த மூடியை யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. லாரி ஒழுங்காக ஓடியது. பம்பைக் கழற்றி மாட்டியதற்கு மெக்கானிக் நல்ல பேர் வாங்கிக்கொண்டார்.

அவள் உண்டாகியிருந்தாள். அவள் அம்மா இருக்கிற ஊரில் ஒரு பெரிய கிடங்கு. தினமும் ஓட ஒரு லாரி வேண்டும், பின்கட்டில் குடியிருக்க வீடும் தருகிறோம் என்று தம்பியைக் கூப்பிட்டார்கள். பிரசவமும் அங்கேயே, இருப்பும் அங்கேயே. சாப்பிடும்போது இதைச் சொன்னான். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள்தான், "அண்ணி, நீங்களும் எங்களோடவே வந்துடுங்க. சமையல்கட்டு பெருசாம். நாம ரெண்டு பேரும் இடிச்சுக்காம நிக்கலாம்" என்றாள்.

கூப்பிட்டாள். அது உண்மை. செத்தவள் மேல் பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் நீங்களே யோசித்துப் பாருங்கள். என் சமையலறைக்கு வந்து உப்பு எங்கே, புளி எங்கே என்று கேட்டவள், இப்போது அவள் சமையலறையில் எனக்கு நிற்க இடம் தருகிறாள். நான் மறுத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க எங்கள் வீட்டில் நான் மட்டும் இருப்பதை நினைத்துப் பார்த்தேன். பயம் என்றால் சும்மா வாய்வார்த்தை இல்லை, ஐயா. வாந்தி வருகிற பயம்.

அதற்குப் பிறகுதான் தெரிந்தே சோப்பை வைத்தேன். நான் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. பிரேக்கைத் தொட்டேனா? சக்கரத்தைத் தொட்டேனா? நிற்கத்தானே போகிறது. நின்றால் ஓரமாக நிறுத்திவிட்டு வீட்டுக்கு வரப் போகிறான். பக்கத்து லோடு என்றால் ஊசியால் எடுத்துவிடுவேன், அவன் பிழைப்பில் நான் கை வைக்கவில்லை. அந்த ஊர்ப் பேச்சு வந்தால் மட்டும் வைப்பேன். படுக்கை, பாத்திரம் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். நான் தகரக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கொஞ்ச நேரத்தில், மர அறுவை ஆலையைத் தாண்டியதும் நின்றுவிட்டது என்று ஒரு போன் வரும். பொழுது சாய்வதற்குள் படுக்கை, பாத்திரம் எல்லாம் திரும்பி வந்து இறங்கும். நான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

தம்பிதான் கொஞ்சம் வாடிப்போனான். பானட்டில் காதை வைத்து அப்படியே நிற்பான். சாப்பாட்டில் கையை வைத்துவிட்டு எதையோ யோசிப்பான். ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, வேற யார் ஓட்டினாலும் ஓடுமோ? என் கால்லதான் ஏதோ கோளாறோ?" என்று கேட்டான். கண் கலங்கியிருந்தது. அவன் தலையைக் கோதிவிட்டு, "இருக்கலாம்டா. உடம்பு அசந்து போச்சு. கொஞ்ச நாள் எங்கயும் போகாம இரு" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவன் அதை நம்பினான்.

அவள்தான் நம்பவில்லை என்று நினைக்கிறேன். முதலில் விளையாட்டாகச் சொன்னாள்: "பாத்தீங்களா அண்ணி, பக்கத்துல போறதுக்கு ஒண்ணும் பண்ணல. அந்த ஊருன்னா மட்டும் படுத்துக்குது. உங்கள விட்டுட்டுப் போக வண்டிக்கே மனசில்ல." தம்பி சிரித்தான். நானும் சிரித்தேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்களே, அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் தெரிந்தது. அதற்கப்புறம் ஒருநாள் நான் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். பாதிப் பின்னலில் என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனாள். "என்ன அண்ணி, உங்க கையில டீசல் வாடை வருது?" என்றாள். முற்றத்தைத் துடைத்தேன் என்றேன். ஓகோ என்றாள். அன்றிலிருந்து நான் ஜன்னல் பக்கம் போனால் அவளும் எதற்காவது வந்து நிற்பாள், அல்லது எனக்கு அப்படித் தோன்றியதோ என்னவோ. சாப்பாடு இறங்கவில்லை. கொஞ்சம் ஏறியிருந்த சதையும் வற்றிப்போயிற்று. அவள் தம்பியிடம் எப்போது சொல்வாள், என்ன வார்த்தையில் சொல்வாள், அவன் என்னை எப்படிப் பார்ப்பான், இதேதான் பொழுதுக்கும்.

அந்த நாளுக்கு வருகிறேன். நாளைக் காலை மறுபடி கிளம்பலாம் என்று பேசியிருந்தார்கள், அதனால் சோப்பை வைத்திருந்தேன். முற்பகலில் அவள் துவைக்கிற கல்லருகே அப்படியே உட்கார்ந்துவிட்டாள். இன்னும் மாதம் நிறையவில்லை. வலியோடு ரத்தமும் போயிற்று. ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், வேறு இடத்துக்குப் போயிருக்கிறது, தாமதமாகும் என்றார்கள். தம்பி அவளைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு ஓடினான். நான் வீட்டைப் பூட்ட நின்றேன். திரும்பினால் டேங்க் எதிரிலேயே இருந்தது. ஊசி கொண்டையில் இருந்தது. "ஏறு அக்கா, ஏறு" என்று கத்தினான். ஏறிவிட்டேன்.

ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆயிற்று. அவள் தலை என் மடியில் இருந்தது. பெரிய சாலையில் ஏறும்வரை ஒன்றும் இல்லை. நான் எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். எந்த இடத்தில் இருமும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. மர அறுவை ஆலையைத் தாண்டினோம். இருமியது. இழுத்தது. நின்றது.

தம்பி குதித்து முன்னால் ஓடினான். பானட்டைத் தூக்கிவிட்டுக் கைப்பம்பை அடித்தான். வந்து சாவியைத் திருப்பினான், இரண்டு உறுமல், மறுபடி அடங்கிவிட்டது. திரும்ப ஓடினான். பானட்டுக்குப் பின்னாலிருந்து, "அக்கா, குச்சி விட்டு டீசல் இருக்கான்னு பாரு" என்று கத்தினான். அழுதுகொண்டே கத்தினான்.

நான் அவள் தலையை மெதுவாகச் சீட்டில் வைத்துவிட்டுக் குச்சியை எடுத்தேன். அப்போது அவள் கண்ணைத் திறந்தாள். என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, மூடியத் திறந்துடுங்க" என்றாள். சின்னக் குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி. அவன் சொன்னதைத்தான் அவளும் சொன்னாளா, தெரிந்து சொன்னாளா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் விரல்களைப் பிரித்துவிட்டு இறங்கினேன்.

வெயிலில் டேங்க் சுட்டது. மூடியில் கையை வைத்தேன். நீங்கள் கேட்கப்போவதை நானே கேட்டுப் பார்த்துவிட்டேன், ஐயா. திறந்து மூடியிருந்தால் வண்டி ஓடியிருக்கும். டீசல் பார்க்கத்தானே திறந்தாள் என்று இருந்திருக்கும். தம்பிக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பிறகு ஏன் திறக்கவில்லை என்றால், பயம். பயத்தில் கையும் ஓடாது, காலும் ஓடாது என்பார்களே, அதுதான். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் இங்கே வந்து உட்கார்ந்தபிறகு சரியாக நினைவுக்கு வருகிறது. என் கை ஓடத்தான் செய்தது. மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. நான் அதை இன்னும் இறுக்கினேன். உள்ளங்கை வலிக்கும்வரை இறுக்கினேன். பிறகு குச்சியை ஓரமாகப் போட்டுவிட்டு, "இருக்குடா, நிறைய இருக்கு" என்றேன்.

அவன் பம்பை அடித்துக்கொண்டே இருந்தான். நான் ஏறி உட்கார்ந்து அவள் தலையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டேன், விசிறிவிட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பார்க்கவில்லை. ஒரு ரொட்டி வேன் வந்து எங்களை ஏற்றிக்கொண்டபோது அவளுக்கு நினைவு இல்லை. குழந்தையை எடுத்துவிட்டார்கள். அவளைக் காப்பாற்ற முடியவில்லை. "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்று நர்ஸ் சொன்னாள். எல்லோரிடமும் சொல்கிற வார்த்தைதான், என் தம்பி அதையே பிடித்துக்கொண்டான்.

குழந்தையை அவள் அம்மா கொண்டுபோய்விட்டாள். இந்தக் குழந்தையை உங்க வீட்டு வாசற்படி மிதிக்க விடமாட்டேன் என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். இருக்கட்டும், கோபம் ஆறினால் கொடுப்பாள். தம்பி லாரியைக் கட்டி இழுத்து வந்து முற்றத்தில் போட்டான். பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு நடந்துபோனான். தெருக் குழாயைச் சரிசெய்யப் போகிறான் என்று நினைத்தேன். பட்டறையில் அவன் போட்ட சத்தம் என் வீட்டுக்குக் கேட்டது. "நாளைக்கு நாளைக்குன்னே சொல்லி என் குடியக் கெடுத்துட்டியேடா" என்றான். அதற்கப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். மெக்கானிக் இன்னும் கண் விழிக்கவில்லையாம். அவர் பெண்டாட்டி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருக்கிறாள், வருகிற வழியில் பார்த்தேன். பாவமாக இருந்தது. அவர்மேல் ஒரு தப்பும் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். என் தம்பிமேலும் இல்லை. ஆள் அனுப்பி அந்த மூடியைக் கழற்றிப் பாருங்கள், சோப்பு அப்படியே இருக்கும்.

நான் இன்றைக்கு ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். மனசாட்சி என்று பெரிய வார்த்தையெல்லாம் சொல்ல மாட்டேன். நீங்கள் அவனை இங்கே கொண்டுவந்ததிலிருந்து வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நான் ஒரு டம்ளரைக் கீழே வைத்தால் அந்தச் சத்தத்துக்கே திடுக்கிடுகிறேன். அடுத்த அறையில் யாரோ மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி இருக்கிறது. விளக்கு எல்லாவற்றையும் போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். இப்படி இன்னும் எத்தனை நாள் இருக்க முடியும் சொல்லுங்கள். நானே சொன்னால்தான் அவனை விடுவீர்கள் என்று புரிந்தது, அதனால் குளித்துவிட்டுக் கிளம்பி வந்தேன்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் எழுதியதை அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டாம். வீட்டுக்குப் போனதும் நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன். முதலில் கத்துவான், தட்டைத் தள்ளிவிடுவான், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். பிறகு பசிக்கும், வந்து உட்காருவான். எல்லாம் சமைத்து மூடி வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். என்னை விட்டால் இப்போது அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள், ஐயா.